கனகசபை என்னும் குடும்பப் பெயர்: ஓராண்டுச் சந்தா ஒன்றைப் பாவித்த அனுபவம்

கனடாவில் இருக்கும் என் பெறாமகள் சென்ற ஆண்டு தைப்பொங்கலை ஒட்டி எனக்கு ஒரு பரிசு அனுப்பினாள். வழக்கமாக வரும் சட்டைத்துணியோ வைற்றமின் குளிசைகளோ அல்ல. பழைய குடிசன மதிப்பீட்டுப் பதிவுகளைக் கொண்டு ஒரு குடும்பப் பெயரின் வரலாற்றைத் தேட உதவும் இணையச் சேவை ஒன்றின் ஓராண்டுச் சந்தா. அவளுடைய மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஓர் ஒப்படை கொடுத்திருந்தார்கள்: தன் குடும்பப் பெயர் எங்கே தொடங்கியது, எந்தெந்த ஊர்களிலே இருந்தது, எந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் முதன்முதலாகத் தென்படுகிறது என்று எழுதி ஒப்படைக்க வேண்டும். “பெரியப்பா, ஊரிலை இருக்கிறது நீங்கள்தானே, நீங்களே தேடிப் பாருங்கோ” என்று தொலைபேசியிற் சொன்னாள். தேடப்பட வேண்டிய பெயர் கனகசபை. அது என் தகப்பனாருடைய பெயர்.

சேவையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளிற் பெரும்பாலானவை இவ்வகைச் சேவைகள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை. ஒரு நிறுவனத்தின் தலையில் மட்டும் அவற்றைச் சுமத்துவது முறையாகாது. வாங்குவதற்கு முன்னர் யாழ்ப்பாணத்தார் ஒருவர் அறிந்திருக்க வேண்டியவை எவையோ அவற்றை மட்டும் சொல்லுகிறேன்.

முதலில் நிறைகள். பிரித்தானியக் கணக்கெடுப்புகளில் 1841 தொடக்கம் 1921 வரையிலானவை, ஐக்கிய அமெரிக்காவில் 1950 வரையிலானவை, கனடாவில் 1931 வரையிலானவை என்று ஆட்களின் பெயர்களோடு கூடிய பதிவுகளை இச்சேவையிற் பார்க்கலாம். அந்தந்த நாட்டுச் சட்டப்படி பிரித்தானியாவில் 100 ஆண்டும், அமெரிக்காவில் 72 ஆண்டும், கனடாவில் 92 ஆண்டும் கடந்த பின்னரே பெயர்கள் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. பக்கங்களின் படங்கள் தெளிவாக இருக்கின்றன. பெருப்பித்துப் பார்த்தாலும் எழுத்துச் சிதறுவதில்லை. சோதனைக்காக, நான் படித்த கல்லூரியில் ஒரு காலத்தில் அதிபராக இருந்த ஆங்கிலேயர் ஒருவருடைய பெயரைத் தேடினேன். அரை மணி நேரத்துக்குள் 1881ஆம் ஆண்டுப் பக்கம் ஒன்று கிடைத்தது. தெருவின் பெயர், வீட்டுத் தலைவருக்கு உறவு, மணமானவரா என்னும் விபரம், வயது, தொழில், பிறந்த இடம் என்று நிரை நிரையாக எழுதியிருக்க, நடுவிலே ஏழு வயதுப் பிள்ளையாக அவர் நிற்கிறார்; தகப்பன் சப்பாத்துத் தைப்பவர், வீட்டில் எட்டுப் பேர். எங்கள் மண்டபத்துச் சுவரிலே கழுத்துப்பட்டியோடு விறைப்பாக நிற்கும் படத்தை மட்டும் அறிந்திருந்த எனக்கு அந்த ஒற்றை வரி பெரிய காட்சியாகத் தோன்றியது. அவருடைய குடும்பத்தை 1911 வரை தொடர்ந்தேன். அந்த ஆண்டுப் படிவங்களை எழுதுவினைஞர்கள் பெயர்த்தெழுதிய ஏடுகளாக அன்றி, வீட்டுத் தலைவர்கள் தங்கள் கைப்பட நிரப்பிய தாள்களாகவே வைத்திருக்கிறார்கள்; ஒருவருடைய கையெழுத்தையே பார்க்கக் கிடைப்பது பணத்துக்குப் பெறுமதியான விடயம். தலைமுறைதோறும் ஒரே பெயர் தொடர்ந்து வரும் குடும்பத்துக்கு இச்சேவை நன்றாகவே வேலை செய்கிறது. இங்கிலாந்தின் 1931ஆம் ஆண்டுப் பதிவுகள் 1942இல் தீயில் அழிந்தன. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுப் பதிவுகளிற் பெரும்பகுதி 1921இல் ஏற்பட்ட தீயோடு போயிற்று. அவற்றைத் தரவில்லை என்று எந்தச் சேவையையும் குறைகூற இயலாது.

பிறகு கனகசபையைத் தேடினேன். பெயரை ஆங்கில எழுத்தில் இட்டு, ஒலி ஒத்த பெயர்களையும் காட்டும்படி ஒரு பெட்டியிற் சரியிட்டதும் நூற்றுக்கணக்கான முடிவுகள் வந்தன. மிச்சிகன் மாநிலத்துச் செப்புச் சுரங்கங்களில் வேலை செய்த பின்லாந்துக்காரர்கள்! அவர்களுடைய குடும்பப் பெயர் கங்காஸ். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன், “உங்கடை பகுதியிலை ஆராவது வெள்ளையாய் இருந்தவையோ?” என்று கேட்டுவிட்டு அவர் குசினிக்குப் போய்விட்டார்.

இந்த வேடிக்கைக்குக் காரணம் உண்டு. 1918இல் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் என்னும் முறையைத் தழுவியே ஒலி ஒத்த பெயர்களின் தேடல் பல இடங்களில் நடக்கிறது. பெயரின் முதல் ஆங்கில எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை நீக்கி, எஞ்சிய மெய்களில் முதல் மூன்றை எண்களாக மாற்றுவது அந்த முறை. ‘எம்’, ‘என்’ இரண்டுக்கும் 5, ‘ஜி’, ‘கே’, ‘எஸ்’ முதலியவற்றுக்கு 2, ‘ஆர்’ எழுத்துக்கு 6 என்று போகும். அப்படிப் பார்த்தால் கனகசபை ‘கே 522’. கங்காஸ் என்பதும் ‘கே 522’. நீளமான தமிழ்ப் பெயரின் பின்பாதி முழுவதும் இந்தக் கணக்கில் வெட்டுண்டு போகிறது. இதைவிடப் பெரிய சிக்கல் முதல் எழுத்தில் இருக்கிறது. கச்சேரி என்று நாங்கள் சொல்லும் அரச அலுவலகத்தின் பழைய எழுதுவினைஞர்கள் கனகசபையை ‘கே’ போட்டும் எழுதினார்கள், ‘சி’ போட்டும் எழுதினார்கள். ‘சி’ போட்டு எழுதினால் அது ‘சி 522’ ஆகிவிடும். அண்ணனும் தம்பியும் வெவ்வேறு குடும்பத்தார் ஆகிவிடுவார்கள். குமாரசுவாமிக்கும் (‘கே 562’, ‘சி 562’) சின்னத்தம்பிக்கும் (‘எஸ் 535’, ‘சி 535’) இதே கதிதான். தாமோதரம்பிள்ளை ‘டி’யிலும் தொடங்கலாம், ‘ரி’யிலும் தொடங்கலாம். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த, சிறுப்பிட்டி என்னும் ஊரைச் சேர்ந்த வைரவநாதர் மகன் தாமோதரம்பிள்ளையின் முன்னெழுத்தைத் தமிழிலே சி. வை. என்று எழுதும் நாங்கள் ஆங்கிலத்தில் அந்த ‘வை’யை ‘டபிள்யூ’ ஆக்கியிருக்கிறோம் என்பதைப் பெயர்த் தேடலில் இறங்குபவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். இச்சேவையில் முதல் எழுத்தை மாற்றி மாற்றி நீங்களே கையால் இட்டுத் தேட வேண்டியிருக்கிறது. நான் ஆறு வகையாக இட்டுத் தேடினேன்.

எழுத்துக் கூட்டலைத் திருத்தினால் தீர்ந்துவிடும் என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். ஒரு கிழமை கழித்துத்தான், தேடும் பொருளே அங்கே இல்லை என்பது உறைத்தது. கனகசபை என்னும் குடும்பப் பெயர் 1984இல் என் தம்பி கனடாவில் வந்திறங்கி, படிவத்தில் ‘கடைசிப் பெயர்’ என்ற இடத்தில் அப்பாவின் பெயரை எழுதிய அன்று பிறந்தது. அதற்கு முந்திய நாள்வரை அது ஓர் ஆளின் பெயர். அந்த ஆளின் தகப்பன் சின்னத்தம்பி. சின்னத்தம்பியின் தகப்பன் வேலுப்பிள்ளை. தலைமுறைக்குத் தலைமுறை ஒரு படி இறங்கிக்கொண்டே வந்த பெயர் கனடாவில் உறைந்துபோய், இன்று என் பெறாமகளின் மகனுடைய புத்தகப் பையிலும் எழுதப்பட்டிருக்கிறது. கனடாவின் 1986ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் என் தம்பி வீட்டார் எண்ணப்பட்டிருப்பார்கள்; 92 ஆண்டு விதிப்படி அந்தப் பக்கம் 2078இல் திறக்கும். ஒப்படைக்கான சரியான விடை அதுவே. ஆனால் ஆசிரியர் அவ்வளவு காலம் பொறுத்திருக்கமாட்டார்.

இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரிய கதை அன்று. இலங்கையின் 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டைப் பொறுப்பாக நின்று நடத்தியவர் பொன்னம்பலம் அருணாசலம். தீவின் சனத்தொகை 35,65,954 என்று எண்ணி, நீண்ட அறிக்கையும் எழுதியவர். அவருடைய தகப்பன் பொன்னம்பலம், பாட்டன் அருணாசலம், மகன் மகாதேவா. மகன் தன்னை அருணாசலம் மகாதேவா என்று எழுதினார். நான்கு தலைமுறையில் எந்தப் பெயரைக் குடும்பப் பெயர் என்று கொள்வது? பாட்டனின் பெயரைப் பேரப்பிள்ளைக்கு இடுவதால் ஒரு பெயர் ஒரு தலைமுறை விட்டு மறுபடியும் தலைகாட்டுகிறதே ஒழியத் தொடர்ந்து வருவதில்லை. முத்து குமாரசுவாமியின் மகன் ஊர் வழக்கப்படி முத்து ஆனந்தா என்று எழுதப்பட்டிருக்க வேண்டியவர். குழந்தையாக இங்கிலாந்துக்குப் போனதால் பாட்டனார் பெயர் குடும்பப் பெயராகிவிட, கலை ஆய்வாளராக உலகம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி ஆனார். எங்கள் பெயர்கள் கடல் கடந்ததும் உறைவது 1984இல் தொடங்கிய விடயம் அல்ல.

வேறொரு பொறியும் உண்டு. குறிப்பாக வலிகாமத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க மிஷனரிமார் 1816இல் இங்கு வந்து, 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கி நடத்திய காலத்தில், படிப்புச் செலவைப் பொறுத்த அமெரிக்க நன்கொடையாளர்களின் பெயர்களை மாணவர்களுக்கு இடும் வழக்கம் இருந்தது. ஆர்னல்ட் என்றும் நெவின்ஸ் என்றும் சதாசிவம்பிள்ளையும் சிதம்பரப்பிள்ளையும் ஆங்கிலப் பெயர்களோடு அறியப்பட்டது அந்தச் சூழலிலேதான். அப்படி ஒரு பெயரைச் சுமக்கும் என் நண்பர் ஒருவர் ஆவலோடு என் கணினிக்கு முன்னே வந்து அமர்ந்தார். அவருடைய பெயருக்கு 1850ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பில் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் மட்டும் பக்கம் பக்கமாக ஆட்கள் கிடைத்தார்கள். சேவை உடனே “இவர் உங்கள் மூதாதையாக இருக்கலாம்” என்று பச்சை அடையாளம் காட்டிற்று. நண்பருடைய மூதாதைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியவரின் அயலவராக வேண்டுமானால் அவர் இருந்திருக்கலாம். இவ்வாறான தூண்டல்களை ஒரு சொடுக்கில் மரத்தோடு இணைக்கவும் முடிகிறது என்பதே ஆபத்து; ஒருவர் இணைத்த பிழையை வேறு பத்துப் பேர் பார்த்துத் தங்கள் மரத்திலும் ஒட்டிக்கொள்கிறார்கள்.

அப்படியானால் இலங்கைக் குடிசன மதிப்பீடுகளையே பார்க்கலாமே என்று கேட்பீர்கள். சேவையின் பட்டியலில் ‘இலங்கை’ என்று ஒரு தலைப்பு இருக்கிறது. அதன் கீழ்க் கிடைப்பவை அச்சான தொகுதிகள். 1871 தொடக்கம் ஏறக்குறையப் பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்த கணக்கெடுப்புகளின் அந்தத் தொகுதிகளில் ஊர் வாரியாக, சமய வாரியாக, தொழில் வாரியாகத் தொகைகள் உண்டு. ஓர் ஆளின் பெயரும் இல்லை. 1981இல் இளம் ஆசிரியனாக இருந்த நானும் எண்ணுவோனாக வீடு வீடாகப் போனவன். படலையில் நின்று “உங்கடை வீட்டுத் தலைவர் ஆர்?” என்று கேட்டால், அரைவாசி வீடுகளில் அம்மாமாரே வந்து பதில் சொன்னார்கள். வயதைக் கேட்டால் “பெரிய புயலுக்கு இவன் கைக்குழந்தை” என்பார்கள். நாங்கள் கணக்குப் பார்த்து எழுதுவோம். அன்று எழுதிய பெயர்கள் எண்ணுவதற்கு உதவினவேயன்றி அச்சேறவில்லை. அதற்குப் பின் முப்பது ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் முழுமையான கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2001இல் நடந்தது வடக்குக் கிழக்கின் பல பகுதிகளை எட்டவில்லை. 2012இல்தான் மறுபடியும் வாசலுக்கு ஆட்கள் வந்தார்கள். ஆகவே ‘இலங்கைப் பதிவுகளும் உண்டு’ என்னும் விளம்பர வரியை நம்பி மட்டும் யாரும் பணம் கட்ட வேண்டாம்.

குடும்ப மரம் வரையும் பகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தகப்பனின் பெயரை இட்டவுடன் பிள்ளைக்கான பெட்டியில் அதே குடும்பப் பெயர் தானாக நிரம்புகிறது. அதை அழித்துத் தகப்பனின் பெயரை முன்னுக்கு எழுதினால், ‘தந்தையின் குடும்பப் பெயரோடு பொருந்தவில்லை’ என்று மஞ்சள் முக்கோணம் ஒன்று எழுகிறது. நான் ஐந்து தலைமுறையை இட்டு முடித்தபோது திரை முழுவதும் மஞ்சளாக இருந்தது. வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதினேன். பதினொரு நாள் கழித்து மரியாதையாகப் பதில் வந்தது: குடும்பப் பெயர் இல்லாவிட்டால் அந்தப் பெட்டியை வெறுமையாக விடலாமாம். வெறுமையாக விட்டுப் பார்த்தேன். ‘பெயர் தெரியாதவர்’ என்று ஐந்து தலைமுறையையும் சேர்த்து எழுதிவிட்டது. கடைசியில் ஊர்ப் பெயரையே குடும்பப் பெயர்ப் பெட்டியில் எல்லோருக்கும் இட்டேன். அது சண்டை பிடிக்காமல் ஏற்றுக்கொண்டது. சி. வை. தாமோதரம்பிள்ளை காலத்து வழக்கத்துக்கே திரும்பியதாக நினைத்து ஆறுதலடைந்தேன்.

இவ்வளவும் பார்த்த பின்னர் அலுமாரியைத் திறந்து, காணிப் பத்திரங்களான உறுதிகளின் கட்டை வெளியே எடுத்தேன். 1948இல் எழுதப்பட்ட எங்கள் அம்மாவின் சீதன உறுதி. நொத்தாரிசின் கையெழுத்து எறும்பு ஊர்ந்ததுபோல இருக்கும். கோவிற்பற்றின் பெயரோடு தொடங்கி, ‘ஆலடி வளவு’ என்று காணியின் பெயரைச் சொல்லி, பரப்பும் குளியும் கணக்கிட்டு, பிறகு நான்கு எல்லைகளை எழுதுகிறது: கிழக்கு ஒழுங்கை, வடக்கு வேலுப்பிள்ளை சின்னத்தம்பியும் பங்காளரும், மேற்கு கதிரேசு பெண் வள்ளியம்மை, தெற்கு கோயிற்காணி. அதற்குக் கீழே, இந்தக் காணி அம்மாவின் தாய்க்கு எந்த ஆண்டு எந்த இலக்க உறுதிப்படி வந்தது, அவருடைய தாய்க்கு எப்படி முதுசமாக வந்தது என்று படிப்படியாகப் பின்னே போகிறது. ஒரே தாளில் நான்கு தலைமுறைப் பெண்கள் தத்தம் தகப்பன் பெயரோடும் கணவன் பெயரோடும் நிற்கிறார்கள். ஆங்கிலேயக் கணக்கெடுப்பைத் தொடர்ந்தபோது, மணமான அன்றே பெண்கள் பெயர் மாறி என் கையைவிட்டு நழுவினார்கள். அந்த அதிபரின் இரண்டு அக்காமாரை இன்றுவரை நான் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் வழக்கத்திலோ முன்னெழுத்து ஆண்வழியிற் போகிறது, காணி பெண்வழியிற் போகிறது. 1707இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையைத் தொகுத்தபோதே முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்விற் தேடிய சொத்து) என்று பிரித்து எழுதிவைத்த ஒழுங்கு அது. வடக்கு எல்லைக்காரரான சின்னத்தம்பி வேறு யாருமல்ல, அப்பாவின் தகப்பன். அப்பா அயல் வளவிலேயே பெண்ணெடுத்திருக்கிறார் என்ற செய்தியை எழுபது வருடமாக வீட்டில் கிடந்த தாளிலிருந்து இப்போதுதான் அறிந்தேன்.

சந்தாவுக்குப் பதிலாகவோ அதற்கு முன்னதாகவோ பார்க்க வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. எங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பயனாக, பாட்டனார் இலங்கையிற் பிறந்தவராயின் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றைக் கேட்கும் கூடு இருக்கிறது. பூட்டனாருக்கும் ஒரு கூடு இருக்கிறது. நாட்டுரிமையைக் கெடுபிடியாக அளப்பதற்கென்று வைத்த கூடு குலமுறை தேடுபவனுக்கு உதவுவது ஒரு விநோதம். மற்றையது கல்வெட்டு. செத்த வீட்டின் முப்பத்தோராம் நாள் அச்சிட்டுக் கொடுக்கும் நினைவு மலர்களில் வம்சாவழியைச் செய்யுளாகவோ கிளை வரைந்தோ போடும் வழக்கம் எங்களிடம் பரவலாக உண்டு. இலங்கைத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் இணையத்திற் சேர்த்துவரும் ‘நூலகம்’ நிறுவனம் இத்தகைய மலர்களை எண்ணிமப்படுத்தி இலவசமாகப் படிக்கத் தந்திருக்கிறது. அம்மாவின் மாமன் ஒருவருடைய கல்வெட்டை அங்கே கண்டெடுத்தேன். செய்யுள் சுமார் ரகம், பெயர்கள் அத்தனையும் சரி. ஒரே ஓர் எச்சரிக்கை: சொத்துப் பிணக்கினால் பேச்சு நின்றுபோன சகோதரங்களைக் கல்வெட்டுகள் சில வேளை விட்டுவிடும். உறுதியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் யார் விடுபட்டார் என்பது தெரியும்.

ஆகையால், ஐரோப்பியர் வழிவந்த பறங்கிக் குடும்பத்தவர்களும், பிரித்தானியத் துரைமாரோடு கலப்புள்ள குடும்பத்தவர்களும், இங்கே ஊழியம் செய்த மிஷனரிமாரைப் பற்றி ஆராய்பவர்களும் தயங்காமல் இச்சந்தாவை வாங்கலாம். அவர்களுக்கு நான் ஐந்தில் நான்கு புள்ளி கொடுப்பேன். தங்கள் முன்னெழுத்தைத் தேடும் யாழ்ப்பாணத் தமிழருக்கு ஒன்றரை. அந்த அரைப் புள்ளியும் படங்களின் தெளிவுக்காக. இலவசமாகப் பதிவுகளைத் தரும் பேமிலிசேர்ச் தளத்தில் முதலிற் சில நாட்கள் தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

ஒப்படைக்கு உறுதியின் முதற் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன்; எல்லைகளை அவன் நிறப்பென்சிலால் கீறி, ஒவ்வொரு பக்கத்திலும் பெயர்களை எழுதிக் கொடுத்தானாம். ‘கதிரேசு பெண்’ என்றால் மகளா மனைவியா என்று கேட்டுத் தாய் மூலம் ஒரு குரற்பதிவு வந்தது. மனைவி என்று பதில் போட்டேன். பிறகு சந்தேகம் வந்து, சீதன உறுதியிற் குறிப்பிட்டிருக்கும் 1911ஆம் ஆண்டு உறுதியின் பிரதியைக் கேட்டுக் காணிப் பதிவகத்தில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன்.

சந்தா ஆண்டு முடிவில் தானாகவே புதுப்பிக்கப்படும். நிறுத்துவதற்கான பொத்தான் ‘கணக்கு’ என்பதன் கீழ் மூன்றாவது பக்கத்தின் அடியில் இருக்கிறது. கடனட்டையைக் கொடுத்தவர்கள் முடிவுத் திகதிக்கு இரண்டு கிழமை முன்னரே அதைத் தேடத் தொடங்குவது நல்லது.